மாதிரி எடுக்க வன்னி, ஆராயக் கொழும்பு

முல்லைத்தீவில ஒருவருக்குக் காய்ச்சல் வருது. இது வழமையான காய்ச்சல் மாதிரித் தெரியேல்லை எண்டு டொக்டர் நினைக்கிறார். அதுக்குப் பிறகு என்ன நடக்கும் எண்டு எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். ஆள் வாட்டிலேயே கிடப்பார்; அவற்றை இரத்தம் ஐஸ் பெட்டிக்குள்ள ஏறி ஏ9 வீதியால போகும். யாழ்ப்பாணத்துக்கு, இல்லாட்டி அனுராதபுரத்துக்கு, அதுவும் இல்லாட்டி கொழும்பு பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. றிசல்ட் வர நாள் எடுக்கும். சில நேரம் அது வரேக்க ஆள் சுகமாகி வீட்டை போயிருப்பார். சில நேரம் ஆள் இல்லை.

2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் அடுத்தடுத்து ஆட்கள் காய்ச்சலால் இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று தெரியவரும் வரைக்கும் பேஸ்புக்கில் ‘மர்மக் காய்ச்சல்’ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளமும் வயலும் மாடும் எலியும் ஒன்றாகக் கிடக்கிற மாகாணத்தில் எலிக்காய்ச்சலில் என்ன மர்மம்? பொரளை நிறுவனம் 1900ஆம் ஆண்டு தொடங்கியது. 120 வருசத்துக்கு மேலாகியும் வன்னியில் ஒரு புதுக் காய்ச்சலுக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு ஒரு ஆய்வுகூடம் இல்லை என்பதுதான் எங்களுக்கு மர்மமாக இருக்கிறது.

இதை எழுதுகிற நாங்கள் கலைப்பீட மாணவர்கள். வீடு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, படிக்கிறது யாழ்ப்பாணம். வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில ஒன்றாகத் தொங்கிக்கொண்டு வாறதில்தான் எங்களில் பாதிப் பேர் பழக்கமானது. “ஆட்ஸ் பிள்ளையளுக்கு லாப்பில என்ன வேலை?” எண்டு இதை வாசிக்க முதலே கேக்கப்போறவைக்கு ஒரு பதில் இருக்கு. லாப்புக்குப் போற இரத்தம் பயோ படிச்ச ஆக்களின்ர மட்டும் இல்லை. இன்னொரு பதிலும் இருக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும்.

எங்களில் மூன்று பேர் முதலாம் வருசம் படிக்கேக்க ஒரு ஆய்வுக்குழுவுக்காகக் கேள்விக்கொத்து நிரப்பப் போனோம். சிறுநீரக நோய் சம்பந்தமான ஆய்வு. ஒரு படிவத்துக்கு இவ்வளவு எண்டு காசு. வெயில், தூசு, மத்தியானச் சாப்பாடு எங்கட செலவு. எங்களோட வந்த ஒருவர் சலமும் இரத்தமும் எடுத்தார். நாங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய சம்மதப் படிவத்தில் இருந்த தமிழ் இப்பவும் பாடம்: ‘உயிரியல் மாதிரிகளின் எதிர்காலப் பயன்பாட்டிற்கான தகவலறிந்த சம்மதம்’. அதை வாசித்தால் அந்த அம்மாமார் எங்களைப் பாவமாய்ப் பார்ப்பினம். பிறகு நாங்களே மாத்திச் சொன்னோம்: “அம்மா, உங்கட சலத்தையும் இரத்தத்தையும் வைச்சிருந்து, பிறகு வேற ஆராய்ச்சிக்கும் பாவிக்கலாமோ எண்டு கேக்கினம். விருப்பமில்லாட்டி ஏலாது எண்டு சொல்லலாம், ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.” ஏலாது எண்டும் சொல்லலாம் எண்டு கேட்டதும் சிலபேர் முகம் மாறினது. அவ்வளவு நாளும் அது அரசாங்க உத்தரவு எண்டு நினைச்சிருந்தவை.

செட்டிகுளப் பக்கம் ஒரு வீட்டில ஒரு அம்மா கேட்டா: “பிள்ளை, போனமுறை வந்தவையும் சலம் எடுத்துக்கொண்டு போனவை. என்னவாம்?”

எங்களிட்டைப் பதில் இல்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஆய்வு உதவியாளரிட்டையும் இல்லை. அவரும் மூன்று மாத ஒப்பந்தத்தில வேலை செய்யிற ஒரு பட்டதாரிதான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் வருகிறது. வன்னி ஆராயப்படுகிறது. நல்லாவே ஆராயப்படுகிறது. ஆனால் ஆராய்ச்சி செய்ய ஒருத்தரும் எங்களுக்குப் பழக்குவதில்லை. மாதிரி எங்களிடம் எடுக்கப்படுகிறது, தரவு எங்களைக் கொண்டு சேர்க்கப்படுகிறது, குளிர்பெட்டி வேற ஊருக்குப் போகிறது. கட்டுரையில் பெயரும், பட்டமும், வேலையும், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலும் அந்தக் குளிர்பெட்டி போய் இறங்குகிற இடத்தில்தான் முளைக்கின்றன.

சிறுநீரக நோயையே எடுப்பம். ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்பது அதன் உத்தியோகபூர்வப் பெயர். 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டது. பிறகு வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் இருக்கிறது என்று தெரியவந்தது. நீரிழிவும் இல்லை, பிரசரும் இல்லை, ஆனால் வயல் செய்கிற மனுசருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து செய்த ஆய்வு 2013இல் வெளியானது. புளோரைட்டா, கடினநீரா, களைநாசினியா, வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்வதா என்று இன்றைக்கும் விவாதம் முடியவில்லை. இந்த விவாதத்துக்கு நடுவில் 2015இல் கிளைபோசேற் தடை வந்தது, 2018இல் அந்தத் தடை தளர்ந்தது. சனத்துக்குக் கிடைத்தது ஆர்.ஓ. தண்ணி. அது நல்லதுதான், நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம். ஆனால் எங்கட குழாய்க்கிணத்துத் தண்ணியில என்ன இருக்கு எண்டு மாதத்துக்கு மாதம், வருசத்துக்கு வருசம் அளந்து வைச்சிருக்கிற ஒரு ஆய்வுகூடம் பக்கத்தில இருந்தால், இந்த விவாதம் எவ்வளவு வேறமாதிரி நடந்திருக்கும்! காரணம் தெரியாத நோய் என்பது நீண்டகாலம் ஒரே இடத்தில் இருந்து பார்க்க வேண்டிய நோய். வந்து போற ஆய்வுக்குழுவால் அதைச் செய்ய ஏலாது.

“இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது, இது பெரிய நாட்டுக்காரரின் வேலை” என்று ஒரு குரல் எங்கட வீடுகளிலேயே இருக்கு. அந்தக் குரலுக்கு 2020 ஏப்ரலை ஞாபகப்படுத்துகிறோம். ஊரடங்கு நேரம் வடக்கின் மாதிரிகள் வெளிமாகாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடம் பி.சி.ஆர். பரிசோதனையைத் தொடங்கியது. கிளிநொச்சியில, முல்லைத்தீவில தனிமைப்படுத்தப்பட்டிருந்த எங்கட ஆக்களின் முடிவுகளும் அங்கிருந்து வந்தன. கற்பிப்பதற்கும் ஆராய்வதற்கும் இருந்த ஒரு பல்கலைக்கழக லாப், ஒரு அவசரத்தில் ஒரு மாகாணத்தின் லாப்பாக மாறியது. மெசினைக் காசு குடுத்தால் வாங்கலாம். பிப்பெற்றைப் பிடித்துப் பழகின கையை ஒரு மாதத்தில் வாங்க ஏலாது. அந்தக் கை அங்க ஏற்கனவே இருந்ததாலதான் அது நடந்தது. மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. நாற்பது வருசம் பழக்கின கை அது.

இன்னொன்றும் சொல்ல வேணும். டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டும்தான் பெருகும் என்று பாடப்புத்தகத்தில் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அது உவர்நீரிலும் பெருகும் என்று 2011இல் காட்டியவர்களில் ஒருவர் யாழ் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சி. நோபிள் சுரேந்திரன், பேராசிரியர் ரஞ்சன் ராமசாமியோடு சேர்ந்து செய்த வேலை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரத்தில் கிடந்த பழைய பாத்திரங்களுக்கும் கிணறுகளுக்கும் உள்ளே எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த விசயம், உலகம் வாசிக்கிற சஞ்சிகையில் வந்தது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டெம்பரில் சான்றிதழ் வாங்கியது. அதே வருசக் கடைசியில் மன்னாரில் புதிய மலேரியா நுளம்பு இனம் ஒன்று பிடிபட்டது. எங்கட அம்மாமார் தொண்ணூறுகளில் மலேரியாவில் நடுங்கின கதையைச் சொல்லி முடியேல்லை; அடுத்ததைப் பார்க்கக் கண் வேணும். அந்தக் கண் வன்னியில எத்தினை பேரிட்ட இருக்கு?

சரி, வன்னியில ஒன்றுமே இல்லையா? இருக்கு. அதுதான் எரிச்சல். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபிறகு திரும்பி வந்தது. அந்தப் பீடத்தின் கதை எங்கட வீட்டுக் கதைதான். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்கள். மூன்று மாவட்டங்களிலும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அங்க எம்.எல்.ரி.மார் கண் நோக நோக நுணுக்குக்காட்டி பார்க்கினம். பீடங்கள் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். நடுவில ஒன்றும் இல்லை. நோயாளியின் பிரச்சினையை ஒரு கேள்வியாக்கி, அந்தக் கேள்வியை ஒரு மாணவனின் கையில் கொடுத்து, இரண்டு வருசம் அவனோட இருந்து பழக்குகிற ஒரு மருத்துவ உயிரியல் ஆய்வுகூடம்தான் அந்த நடுவில் இருக்க வேண்டியது.

தெற்குப் பக்கம் ஏ9இல கொஞ்ச நேரம் போனால் அனுராதபுரம் வரும். அங்க இராஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 2006இல்தான் தொடங்கியது. எங்களை மாதிரியே வயலும் குளமும் பாம்பும் உள்ள ஊர். நஞ்சருந்தினவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் வருசக்கணக்காக நடந்த ஆய்வுகளில் இளம் மருத்துவப் பட்டதாரிகள் ஆய்வு உதவியாளர்களாக வேலை செய்து பழகினார்கள். இலங்கையில் வருசத்துக்கு ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள் நடக்கின்றன என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த தேசிய ஆய்வு ஒன்று உண்டு. நாங்கள் பாவிக்கிற விசமுறிப்பு மருந்து இந்தியப் பாம்புகளின் விசத்தில் இருந்து செய்யப்படுவது, கோப்பி விரியன் கடிக்கு அது வேலை செய்யாது என்பதெல்லாம் சும்மா தெரியவந்த விசயமில்லை. யாரோ ஒரு இளம் ஆள் வாட்டில இரவு முழுக்க இருந்து குறிப்பெடுத்ததால் தெரியவந்தது. அனுராதபுரத்துக்கு முடிந்தது வவுனியாவுக்கு ஏன் முடியாது எண்டு கேட்டால், “அது அவங்கட அரசாங்கம்” எண்டு ஒரு வசனத்தில முடிச்சிடுவினம். அதில் உண்மை இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால எங்கட சோம்பலும் நிறைய ஒளிஞ்சிருக்கு.

அந்தச் சோம்பல் தொடங்குகிற இடம் ரியூசன் கொட்டில். எங்கட ஊரில பயோ எண்டால் டொக்டர். டொக்டர் கிடைக்காட்டி இன்னொருக்கால் சோதினை. மூன்றாந்தரமும் கிடைக்காட்டி வாழ்க்கை முடிஞ்சுது. திறமைக்கு 40, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற கணக்கை எங்கட தாய் தகப்பன்மார் மனப்பாடமாக வைச்சிருக்கினம். இஸட் ஸ்கோர் வெட்டுப்புள்ளியைத் தசம தானம் வரைக்கும் சொல்லுவினம். மருத்துவம் கிடைக்காமல் உயிரியல் விஞ்ஞானத்துக்கோ விவசாயத்துக்கோ உயிர்முறைமைத் தொழில்நுட்பத்துக்கோ போற பிள்ளையைப் பார்த்துச் செத்தவீட்டில கதைக்கிற குரலில கதைப்பினம். எலிக்காய்ச்சல் கிருமியை வளர்த்துப் பார்க்கிறதும் ஒரு தொழில், நீரில ஆசனிக் அளக்கிறதும் ஒரு தொழில், நோய்த் தரவைக் கணக்குப் போடுறதும் ஒரு தொழில் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்ல ஊரில அப்பிடி ஒரு ஆள் இருந்தால்தானே!

எங்கட கூட்டாளி ஒருத்தி அப்பிடிப் போனவள். விடுமுறையில ஒரு லாப்பில பழகலாம் எண்டு கேட்டுப் போனாள். ஆறு கிழமை போத்தல் கழுவினாள், லேபிள் ஒட்டினாள். அவள் கழுவினது எந்த ஆய்வுக்கு எண்டு கேட்டதுக்கு “பிறகு சொல்லுறன்” எண்டிச்சினம். போத்தல் கழுவுறது கேவலமில்லை; லாப்பில முதலில் எல்லாரும் அதைத்தான் செய்ய வேணும், கழுவின போத்தல் சரியில்லாட்டி முடிவும் சரிவராது. ஆனால் ஏன் கழுவுறன் எண்டு சொல்லிக் குடுத்தால் அது பயிற்சி. சொல்லாட்டி அது கூலியில்லா வேலை. இப்ப அவள் பட்டதாரி பயிலுநராப் போய் ஒரு பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தரா இருக்கிறாள். கதிரை இருக்கு, மேசையை இன்னொருவரோட பங்கு போட வேணும். 2017இல் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரக் கொட்டிலில் இருந்து போராடினதின் முடிவில் பலருக்குக் கிடைத்ததும் இதுதான். நுண்ணுயிரியல் படித்த ஒருத்தியை வாழ்வாதாரப் படிவம் நிரப்ப விட்டுவிட்டு, கிளிநொச்சி இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்புகிற நாடு இது. ஆராய்ச்சிக்கு மொத்தத் தேசிய உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் செலவழிக்கிற நாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

இனி எங்கட பீடத்துக்கு வாறம். ஆட்ஸ் பிள்ளையளுக்கு இதில என்ன வேலை என்ற கேள்விக்கு, அந்தச் சம்மதப் படிவம்தான் எங்கட பதில். 1860களில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 150 வருசத்துக்குப் பிறகு, ஒரு அம்மாவிடம் சலம் கேட்கிற வசனத்தை அவவுக்கு விளங்கிற தமிழில் எழுத எங்களுக்கு ஏலாமல் இருக்கு. இது மொழிபெயர்ப்புப் பிழை மட்டும் இல்லை. விளங்காமல் வைக்கிற கைநாட்டுச் சம்மதம் இல்லை. 1951இல் அமெரிக்காவில் ஹென்றியற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்கள் அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்டன. உலகம் முழுக்க லாப்களில் வளர்ந்தன, விற்கப்பட்டன. குடும்பம் ஒரு நிறுவனத்தோடு இணக்கத்துக்கு வந்தது 2023இல். தென்னாபிரிக்காவில் சான் மக்கள், ஆராய வாறவைக்கு 2017இல் தாங்களே ஒரு ஒழுக்கக்கோவை எழுதினார்கள்: மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறைமை. முறைமை எண்டால் வேற ஒன்றுமில்லை, வாசலால் வாங்கோ, எங்கட அமைப்பிட்டைக் கேட்டுட்டுத் தொடங்குங்கோ எண்டதுதான். வன்னிக்கு அப்பிடி ஒரு கோவையை எழுத மானிடவியலும் சமூகவியலும் மொழியியலும் படிக்கிற ஆக்கள் வேணும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியின் கூட்டு மனவடு பற்றிச் செய்த ஆய்வு மருத்துவமும்தான், சமூகவியலும்தான். சனத்தின் வாயால் கேட்டு எழுதினது. மருத்துவத்துக்கும் கலைக்கும் நடுவில மதில் கட்டினவை ஆர்?

எங்கட சனத்திட்ட இருக்கிற கேள்விகளையும் கேளுங்கோ. ஷெல் துண்டு உடம்புக்குள்ள இருக்கிற ஆக்கள் எங்கட ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கினம். எம்.ஆர்.ஐ. எடுக்கேலாது எண்டு திருப்பி அனுப்பப்பட்ட மாமாமார் இருக்கினம். 2009இல் உள்ள போன அந்த உலோகம் இத்தனை வருசத்தில உடம்புக்கு என்ன செய்யுது, இரத்தத்தில ஈயம் கூடுதா, பிள்ளைப்பெறு வயதில இருக்கிற பெண்ணுக்கு அதால ஏதும் வருமா? இதைக் கேட்கிறவர் எங்கட அயலட்டையாள். பொஸ்ரனில இருக்கிற ஒருத்தருக்கு இந்தக் கேள்வி காலமை எழும்பேக்க வராது. கேள்வி இருக்கிற இடத்தில லாப் இருக்க வேணும் எண்டு நாங்கள் சொல்றது அதுக்குத்தான்.

எதிர்வாதங்கள் தெரியும். “முதல்ல ஆஸ்பத்திரிக்கு டொக்டர்மாரைப் போடுங்கோ, மருந்து போடுங்கோ, பிறகு ஆராய்ச்சி” எண்டு எங்கட அப்பாமாரே சொல்லுவினம். 2022க்குப் பிறகு டொக்டர்மார் வெளிக்கிட்டுப் போறதை நாங்களும்தான் பார்க்கிறம். ஆனால் 1971இல் வங்காளதேசப் போர் நேரம், எல்லையில பொங்கோன் அகதி முகாமில வாந்திபேதி பரவி, சேலைன் முடிஞ்சபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணியை வாயால் கொடுத்தார். முகாமில் 30 வீத அளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்குக் கீழே போனது. எல்லாம் கிடைக்கட்டும் பிறகு ஆராய்வம் எண்டு அவர் இருந்திருந்தால், இண்டைக்கு எங்கட வீட்டு அலுமாரியில ஜீவனி பைக்கற் இருந்திருக்குமோ தெரியாது. அதுக்கு முதலே கல்கத்தாவிலயும் டாக்காவிலயும் லாப்பில பழகின ஆக்கள் அந்தக் கரைசலுக்கு அடித்தளம் போட்டிருந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. வங்காளதேசத்தின் மத்லப் என்ற கிராமப்புறத்தில் 1963இல் இருந்து ஒரு வாந்திபேதி ஆய்வுக் களநிலையம் இருக்கு. அந்த ஊர்ப் பெண்களே பழகி, வீடு வீடாகப் போய் எடுத்த தரவு உலகம் முழுக்கப் பாவிக்கப்படுது. வன்னி மத்லப்பை விடப் பின்தங்கின இடம் எண்டு ஆரும் சொன்னால் சண்டைக்கு வருவம்.

“பழக்கிவிட்டால் வெளிநாட்டுக்குப் போயிடுவாங்கள்” என்பது அடுத்தது. பழக்காமலே போறாங்கள் தானே! ஏஜென்சிக்குக் காணி ஈடு வைச்சுப் போறதை விட, புலமைப்பரிசிலில போறது எவ்வளவோ திறம். எல்லாரும் திரும்பி வருவினம் எண்டு நாங்கள் பொய் சொல்ல மாட்டம். சிலபேர் வருவினம். வந்தால் வேலை செய்ய ஒரு மேசையும் ஒரு குளிர்பெட்டியும் இஞ்ச இருக்க வேணும்.

ஆகவே கேட்கிறோம். வவுனியாப் பல்கலைக்கழகமும் அறிவியல் நகர்ப் பீடங்களும் யாழ் மருத்துவ பீடமும் மூன்று மாவட்ட ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து வன்னியில் ஒரு மருத்துவ உயிரியல் ஆய்வுகூடத்தைத் தொடங்க வேணும். முதல் நாளே பளிங்குக் கட்டடம் வேண்டாம். இருக்கிற அறையொன்றில, காய்ச்சலும் தண்ணியும் எண்ட இரண்டு விசயத்தோட தொடங்கலாம். பட்டதாரி மாணவருக்குச் சம்பளத்தோட ஒரு வருசப் பயிற்சி வேணும், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காணுற அளவுக்காவது. ஏ.எல். பயோ பிள்ளையளை வருசத்தில ஒரு நாளாவது உள்ளுக்க விட்டு நுணுக்குக்காட்டியில பார்க்க விடுங்கோ. ஒழுக்கக் குழுவில மாணவரும் கிராமத்து ஆளும் இருக்க வேணும். வெளியில இருந்து வாற எந்த ஆய்வும் உள்ளூர் ஆள் ஒருவரைப் பழக்காமல் ஒரு துளி இரத்தம் எடுக்கக் கூடாது. முடிவு வந்தால் முதலில் இங்கிலீசுச் சஞ்சிகைக்கு இல்லை, மாதர் சங்கக் கட்டடத்துக்கு வர வேணும். புலம்பெயர்ந்த எங்கட உறவுகளுக்கும் ஒரு சொல்: கோயில் கோபுரத்துக்கு அனுப்பிற காசில ஒரு சின்னப் பங்கு ஒரு சென்றிபியூஜுக்குக் காணும். கோபுரத்தையும் கட்டுங்கோ, நாங்கள் மறிக்கேல்லை.

அறிவியல் நகரிலயோ பம்பைமடுவிலயோ படிக்கிற பிள்ளையள் இதை வாசிச்சால், எங்களோட கதையுங்கோ. நாங்கள் சொன்னதில விஞ்ஞானப் பிழை இருந்தாலும் வந்து திருத்துங்கோ, கோவிக்க மாட்டம். அந்த ஒழுக்கக்கோவையின் முதல் வரைவை எழுதத் தொடங்கியிருக்கிறம். விளங்கிற தமிழில ஒரு சம்மதப் படிவமும்.

செட்டிகுளத்து அம்மாவின் கேள்விக்காக அந்த ஆய்வுக்குழுவுக்கு நாங்கள் மூன்று தரம் மின்னஞ்சல் போட்டிருக்கிறம். கடைசியாப் போட்டது போன மாதம். பதில் வந்தால் பஸ் எடுத்துப் போய் அவவிட்டைத்தான் முதல்ல சொல்லுவம்.